கூப்பிடு தூரம்

ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு சொற்றொடர் 'ஹ்யூ அண்ட் க்ரை'. பெட்ரோல் விலை ஏறினாலும் சரி, சாலையோர மரத்தை வெட்டினாலும் சரி, நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டால் போதும், 'பொதுமக்கள் ஹ்யூ அண்ட் க்ரை எழுப்பினர்' என்று எழுதிவிடுவார்கள். இங்கிலாந்துக்காரர்களைவிட மலேசியாவிலும் இந்தியாவிலும் இருக்கிற நாம்தான் இதை அதிகம் பயன்படுத்துகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நான் பினாங்கில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பில் பிழைப்பவன். அடுக்குமாடிக் குடியிருப்பு நோட்டீஸ், காப்புறுதிப் படிவம், மருந்துச் சீட்டு, எது வந்தாலும் செய்வேன். சில மாதங்களுக்கு முன் கம்போங் புவா பாலா பற்றிய ஒரு பழைய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்க வேண்டி வந்தது. குடியிருப்பாளர்கள் 'ஹ்யூ அண்ட் க்ரை' எழுப்பினார்கள் என்று அதில் ஒரு வாக்கியம். அரை நிமிட வேலை. ஆனால் அதற்கு என்ன தமிழ் போடுவது என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கூச்சல் என்று போட்டால் அவர்கள் வகுப்பறைப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். கூப்பாடு என்றால் 'இதுக்குப் போய் இவ்வளவு கூப்பாடா' என்கிற இளக்காரம் கூடவே வந்துவிடும். அமளி என்பது நாடாளுமன்றச் செய்திக்கென்றே நேர்ந்துவிட்ட சொல். அதில் எதிர்க்கட்சி மட்டும்தான் ஈடுபடும். ஆர்ப்பாட்டம் போலீஸ் அனுமதி வாங்கிச் செய்வது. வீட்டில் பேசும்போது 'ரொம்ப ஆர்ப்பாட்டம் பண்றான்' என்றால் அலட்டுகிறான் என்று பொருள். இன்னொரு பக்கம் ஓலம், முறையீடு, அபயக்குரல் எல்லாம் இருக்கின்றன. இவற்றைப் போட்டால் எதிரே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் உடனே தென்பட்டுவிடுகிறார். ஓலமிட்டால் யாரோ வரவேண்டும். முறையிட்டால் யாரோ பதில் சொல்லவேண்டும். முதலை காலைப் பிடித்த யானை கூப்பிட்டபோது, வைகுண்டத்தில் இருந்தவன் 'என்ன அங்கே இரைச்சல்' என்று கேட்டிருந்தால் கஜேந்திர மோட்சம் என்கிற கதையே நமக்குக் கிடைத்திருக்காது.

அன்று எனக்குப் பட்டது இதுதான். இந்தச் சொற்களுக்கு நடுவே ஒலியளவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரே மனிதர்கள், ஒரே சத்தம். கேட்கிறவர் தனக்கு அதில் ஏதாவது வேலை இருக்கிறது என்று நினைக்கிறாரா, இல்லையா என்பதை வைத்துத்தான் அது கூச்சலா ஓலமா என்று முடிவாகிறது. சத்தத்துக்குப் பெயர் வைப்பவர் எப்போதும் கேட்கிறவர்தான். சத்தம் போடுகிறவருக்கு அந்த நேரத்தில் பெயர் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் இந்தச் சொற்றொடர் ஒரு காலத்தில் சட்டச் சொல். (இதில் வரும் 'ஹ்யூ' நிறத்தைக் குறிக்கும் 'ஹ்யூ' இல்லை. அது வேறு வேர். இது கத்துவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே 'ஹ்யூ அண்ட் க்ரை' என்பதே 'கத்தலும் கதறலும்' என்பது போன்ற ஒரு ஜோடிதான்.) இங்கிலாந்தில் நெடுங்காலமாக இருந்த இந்த வழக்கத்தை 1285-இல் முதலாம் எட்வர்ட் அரசர் காலத்து வின்செஸ்டர் சட்டம் எழுத்தில் கொண்டுவந்து இறுக்கியது. அன்று சம்பளம் வாங்கும் போலீஸ் கிடையாது. திருட்டோ கொலையோ கண்ணில் பட்டால், பார்த்தவர் உரக்கக் கத்த வேண்டும். அந்தக் கத்தல் காதில் விழுந்தவர்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஓடுகிறவன் அடுத்த ஊருக்குள் நுழைந்தால் கத்தலும் அடுத்த ஊருக்குப் போகும். அந்த ஊர்க்காரர்கள் துரத்தலைத் தொடர வேண்டும். கொள்ளையன் பிடிபடவில்லை என்றால் அந்த வட்டாரம் முழுவதும் சேர்ந்து, பறிகொடுத்தவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும்.

கத்தாமல் இருந்தால் அபராதம். கேட்டும் வராமல் இருந்தால் அபராதம். இன்னொரு அபராதமும் உண்டு: காரணமில்லாமல் கத்தினவருக்கு. அந்தக் காலத்து ஊர் நீதிமன்றப் பதிவேடுகளில், 'நியாயமாக எழுப்பிய கூக்குரல்', 'அநியாயமாக எழுப்பிய கூக்குரல்' என்று இரண்டு வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். முதல் வகையில் யாருக்காகக் கத்தப்பட்டதோ அந்தக் குற்றவாளி கட்டுகிறான். இரண்டாவதில் கத்தினவர் கட்டுகிறார். கூக்குரல் எழுப்பியவர்கள் பட்டியலில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். சபையில் உட்கார இடமில்லாத பெண், தெருவில் நின்று வாயைத் திறந்தால் ஊரே எழுந்து வந்தாக வேண்டும் என்பது சட்டம். இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கால் வைத்தபோது அவருடைய நாட்டில் அந்தச் சட்டம் இன்னும் ஏட்டில் இருந்தது. 1827-இல்தான் அதை எடுத்தார்கள். இரண்டே ஆண்டில், 1829-இல், லண்டனில் சீருடை போட்ட போலீஸ் படை வந்துவிட்டது. ஓடிவரும் வேலைக்கு ஆள் வைத்தாகிவிட்டது. மீதியிருந்தது வெறும் கத்தல். கேட்டவர் மேல் இருந்த கடமை கழன்று விழுந்த பிறகும் சொற்றொடர் மட்டும் பத்திரிகைகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று 'ஹ்யூ அண்ட் க்ரை' என்று எழுதினால் அதில் லேசாக ஒரு சலிப்பு ஒட்டியிருக்கும். மக்கள் வழக்கம்போலக் கத்தினார்கள், பிறகு அடங்கிவிடுவார்கள் என்கிற தொனி. கத்துகிறவருக்குத்தான் இப்போது கெட்ட பெயர்.

இதே மாதிரி இன்னொரு சொல்லுக்கும் நடந்திருக்கிறது. 'அவுட்க்ரை' என்றால் இன்று பொதுமக்களின் கொதிப்பு. ஆனால் கம்பெனிக் காலத்து இந்தியாவில் அதற்கு ஏலம் என்று பொருள். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அந்தப் பொருளோடு அது இருக்கிறது. ஏலம் என்கிற நம் சொல்லே போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது; மலாய் 'லெலோங்'கும் அதே வீட்டுப் பிள்ளைதான். பாசார் மாலாமில் சட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு 'லெலோங் லெலோங்' என்று தொண்டை கிழியக் கத்துகிறவரை நாம் யாரும் 'ஏன் இவ்வளவு சத்தம்' என்று கேட்பதில்லை. கத்தலுக்கும் கேட்பவனுக்கும் நடுவே அங்கே ஒரு வேலை இருக்கிறது. போய்ப் பார்க்கிறோம், பிடித்தால் வாங்குகிறோம்.

கம்போங் புவா பாலாவுக்கு வருகிறேன். இளைய வாசகர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பினாங்குக்காரர்களுக்கே இப்போது மங்கிக்கொண்டு வருகிறது. புவா பாலா என்றால் ஜாதிக்காய். குளுகோர் பக்கம், ஒரு காலத்தில் பிரவுன் என்கிற ஆங்கிலேயக் குடும்பத்தின் தோட்டமாக இருந்த நிலத்தில், அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்துவந்த தமிழ்க் கிராமம். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும் அங்கே மாடும் ஆடும் மேய்ந்தன. தொலைக்காட்சியில் வந்த அமெரிக்கக் கௌபாய்த் தொடரின் பெயரை வைத்து 'தமிழர்களின் ஹை சப்பரல்' என்று அதைச் சொல்வார்கள். மாட்டுப் பொங்கல் என்றால் உண்மையிலேயே மாட்டுக்கு வைக்கும் பொங்கல், ஜார்ஜ்டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில்.

நிலம் முந்தைய மாநில அரசின் காலத்தில் அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குப் போனது. அங்கிருந்து மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குத் திட்டம் வந்தது. கிராமத்தார் நீதிமன்றம் போனார்கள். நிலத்துக்குச் சொந்தமான அம்மையாரின் உயிலே தங்களுக்கு அங்கே இருக்க உரிமை தருகிறது என்பது அவர்கள் வாதம். 2009 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்தோடு அந்த வழி அடைபட்டது. ஆகஸ்டில் இயந்திரங்கள் வந்தபோது கை கோத்து நின்று மறித்தார்கள். செப்டம்பரில் கிராமம் இல்லை. 2008 தேர்தலில் ஆட்சி மாறியிருந்ததால், கொடுத்தது அவர்கள் என்று இவர்களும், தடுக்காதது இவர்கள் என்று அவர்களும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒத்துக்கொண்ட குடும்பங்களுக்கு இரட்டை மாடி வீடு என்று பேச்சு நடந்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் கடைசிவரை ஏற்கவில்லை.

அந்த மாதங்களில் பினாங்குத் தமிழ் வீடுகளில் ஓடிய பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. அம்மா தினமும் மாலையில் தமிழ்ச் செய்தி கேட்டுவிட்டு, "பாவம்டா, மாட்ட எங்க கொண்டுபோய்க் கட்டுவாங்க" என்பார். சித்தி அதற்கு, "இரட்ட மாடி வீடு தராங்கன்னு சொல்றாங்கல்ல அக்கா. நம்ம இருக்கிறது ஃபிளாட்டு. நமக்கு யாரு தரா? சும்மா எதுக்கு இவ்ளோ கூப்பாடு?" என்பார். சித்தி கெட்டவர் இல்லை. ஐந்து பேருக்கு ஒரு குளியலறை உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் கேட்டது நியாயமான கேள்விதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியில் கத்தலின் பொருள் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. அவர்கள் கத்தினது வீடு வேண்டும் என்று இல்லை. நாங்கள் இங்கே இருந்தோம், இதை ஒருவரும் கணக்கில் எடுக்காமலே காகிதம் கை மாறியிருக்கிறது என்றுதான். விலை சொல்லி அடைக்க முடிந்த கத்தல் ஒன்று, விலை பேசுவதாலேயே இன்னும் பெரிதாகும் கத்தல் இன்னொன்று. இரண்டையும் தூரத்திலிருந்து கேட்டால் ஒரே மாதிரித்தான் இருக்கும். பக்கத்தில் போனால்தான் தெரியும். சித்தியும் போகவில்லை, அம்மாவும் போகவில்லை; டிவி போய்க் கேட்டதை இருவரும் கேட்டார்கள்.

சட்டப்படி நீதிமன்றம் தவறு செய்தது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. பட்டா யார் பேரில் என்பது காகிதத்தின் கேள்வி. நான் கேட்பது அதற்கு முந்தைய ஒன்று. காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போன ஆண்டுகளில் அங்கிருந்து சத்தம் வரவே இல்லையா? வந்திருக்கும். மனு, கடிதம், நேரில் போய் நிற்பது என்று தணிந்த குரலில் வந்திருக்கும். தணிந்த குரலில் வந்தால் கேட்காது. உயர்ந்த குரலில் வந்தால் கூப்பாடு. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த ஸ்தாயியில் பேசினால் காதில் விழும் என்று ஏழைகளுக்கு யாராவது சொல்லித்தந்தால் நல்லது.

நம் மரபில் அந்த ஸ்தாயியைச் சொல்லித்தரும் கதை ஒன்று உண்டு: ஆராய்ச்சி மணி. மனுநீதிச் சோழன் வாசலில் மணி கட்டினான், கன்றை இழந்த பசு வந்து அடித்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். பள்ளியில் இந்தக் கதையை நீதியின் சிகரமாகச் சொல்லித்தந்தார்கள். எனக்கு இப்போது மணியைப் பற்றித்தான் யோசனை. மாட்டால் கத்த முடியும். கன்று செத்த மாடு எப்படிக் கத்தும் என்று பால்காரர் வீட்டுப் பக்கம் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இரவு முழுக்கத் தூங்க விடாது. திருவாரூர் முழுக்க அந்தக் கதறல் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் கதையில் அது மணியடித்த பிறகுதான் அது வழக்காகிறது. கதறலை மணியோசையாக மாற்றித் தந்தால்தான் அரண்மனைக்குக் கேட்கிறது. இன்றைய மணிகளுக்குப் புகார் எண், இணையப் படிவம், அலுவலக நேரம் என்று பெயர்.

கண்ணகி மணியைத் தேடிப் போகவில்லை. ஆனால் அந்த மணி அவளுக்குத் தெரியும். பாண்டியன் 'யார் நீ' என்று கேட்கும்போது, தன் ஊரை அறிமுகப்படுத்த அவள் சொல்லும் அரசர்களில் ஒருவன் அந்த மணியோடு நிற்கும் சோழன். அதாவது, 'மாட்டுக்கே காது கொடுத்த ஊரிலிருந்து வருகிறேன்' என்கிறாள். அதற்கு முன்பே ஊர்சூழ் வரியில் அவள் மதுரைத் தெருக்களில் சுற்றிச் சுற்றி வந்து, இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம்தான் இருக்கிறதா என்று கேட்டுக் கதறுகிறாள். பழைய இங்கிலாந்துச் சட்டத்தின்படி பார்த்தால் அது முறையான 'ஹ்யூ அண்ட் க்ரை'தான். குற்றம் நடந்திருக்கிறது, கண்டவள் கத்துகிறாள், கையில் சாட்சிப் பொருளாக ஒற்றைச் சிலம்பும் இருக்கிறது.

மதுரைக்காரர்கள் கேட்டார்கள். கல்நெஞ்சக்காரர்களாக இளங்கோ அவர்களைக் காட்டவில்லை. அழுகிறார்கள், கலங்குகிறார்கள், அரசனின் கோல் வளைந்துவிட்டது என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தப் பெண் மனிதப் பிறவியா தெய்வமா என்று மிரள்கிறார்கள். அரண்மனை வாயிலுக்கு அவள் போகும்போது ஊரிலிருந்து அவளோடு யார் போனார்கள் என்று பாருங்கள். வாயில்காவலன் அரசனிடம் வந்து சொல்வது ஒற்றைப் பெண்ணைப் பற்றித்தான். பிறகு தீயிடம் அவள் விலக்கு அளிக்கும் பட்டியலில் பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள் இருக்கிறார்கள். மிச்சம் யார்? தீயவர்கள் என்று உரைகாரர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கென்னவோ, தெருவில் நின்று கண்ணீர்விட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட வயது வந்த ஆண்கள் எல்லாரும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறார்கள் என்று படுகிறது. இது என் வாசிப்பு. புலவர்கள் சண்டைக்கு வரலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, கூக்குரல் கேட்டதும் எல்லாரும் ஓடிவரும் ஊர்தான் நல்ல ஊர் என்று நான் சொல்லப்போகிறேன் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே ஒரு ஊரில் எல்லாரும் ஓடிவந்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. யாரோ கத்தினார்கள். கேட்டவர்கள் வந்தார்கள், அடுத்த ஊர்க்காரர்களும் வந்தார்கள், துரத்தினார்கள், பிடித்தார்கள். வின்செஸ்டர் சட்டம் சொன்ன எல்லாமே வரிசையாக நடந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி அடித்தே கொல்லப்பட்டார்.

இங்கிலாந்திலும் இதே ஆபத்து இருந்தது. திருட்டுப் பொருள் கையில் இருக்கும்போது கூக்குரலில் பிடிபட்டவனுக்கு, ஆரம்ப காலத்தில் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்புகூடக் கிடையாது, அங்கேயே முடித்துவிடலாம். அதனால்தான் அந்த மூன்றாவது அபராதம், பொய்க் கத்தலுக்கான அபராதம், எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அதை வைத்தவர்களுக்குக் கத்தலின் வலிமை தெரிந்திருக்கிறது. போளூரில் வந்தவர்கள் கத்தலைக் கேட்டார்கள் என்று சொல்வதேகூடச் சரியில்லை. கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் கத்தினதும் கேட்டிருக்கும். 'நாங்க கோயிலுக்கு வந்தவங்க' என்று அவர்களும்தானே கத்தியிருப்பார்கள்? கூட்டத்தின் கத்தல் காதில் விழுந்தது, நடுவில் நின்றவரின் கத்தல் விழவில்லை. இரண்டு கத்தல்களில் எது ஓலம், எது கூச்சல் என்று பெயர் வைக்கும் வேலையை அங்கே கைகள் செய்துவிட்டன.

ஓடிவருவதற்கும் சேர்ந்து கத்துவதற்கும் நடுவே ஒரு செயல் இருக்கிறது. அதற்கு நம் மொழியில் மிக எளிய பெயர்: போய்ப் பார்ப்பது. 'என்னான்னு போய்ப் பாரு' என்று பாட்டிமார் சொல்வார்களே, அது. இணையத்தில் கத்தலைக் கேட்டதும் நமக்குக் கிடைப்பது இரண்டே பொத்தான்கள். சேர்ந்து கத்தலாம், அல்லது தள்ளிவிட்டுப் போகலாம். போய்ப் பார்க்கிற பொத்தான் அங்கே இருக்க வாய்ப்பில்லை, அதற்குக் கால் வேண்டும்.

1964-இல் நியூயார்க்கில் ஒரு இளம்பெண் தன் குடியிருப்பு வாசலில் குத்திக் கொல்லப்பட்டதை, ஜன்னலிலிருந்து 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. உளவியல் பாடப்புத்தகங்களில் இன்றும் அது இருக்கிறது. நகரவாசிகளின் மனம் மரத்துவிட்டது என்பதற்குச் சான்றாக. பின்னால் ஆராய்ந்தவர்கள் அந்த எண்ணிக்கை நிற்காது என்று காட்டினார்கள், பத்திரிகையே பிறகு அதை ஒத்துக்கொண்டது. பலருக்கு அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறது. ஒருவர் ஜன்னலிலிருந்து போட்ட அதட்டலில் கொலைகாரன் முதலில் ஓடியே போயிருக்கிறான், பிறகுதான் திரும்பி வந்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, ஆபத்து தீர்ந்ததா என்றுகூடத் தெரியாமல் கீழே இறங்கிப் போய், சாகும்வரை அவளைக் கையில் தாங்கியிருக்கிறாள். பாடப்புத்தகத்துக்கு 38 பேர் போதும். இறங்கிப் போன ஒருத்தி பல ஆண்டுகள் அதில் வரவில்லை.

எங்கள் மாநிலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில், 2018 பிப்ரவரியில் நடந்ததை மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டின் முன் தாழ்வாரத்தில் இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் காயங்களோடு இருந்தார். நாயோடு அங்கேயே படுத்துறங்க விடப்பட்டிருந்தார் என்று செய்திகள் வந்தன. மீட்கப்பட்ட மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். அதன் பிறகு எழுந்ததுதான் உண்மையான 'ஹ்யூ அண்ட் க்ரை', இரண்டு நாட்டிலும். பத்திரிகைகள், தூதரகம், மெழுகுவர்த்தி, எல்லாம். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர் 2019-இல் உயர்நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார், 2022-இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கும் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

எனக்கு இதில் நிற்பது வேறு ஒரு தகவல். அவர் மீட்கப்பட்டதற்குக் காரணம், அக்கம்பக்கத்திலிருந்து அந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன ஒரு தகவல். யாரும் தெருவில் நின்று கத்தவில்லை. பணிப்பெண்ணும் கத்தினதாகத் தெரியவில்லை. கத்தும் தெம்பு இருந்திருக்காது. சத்தமே இல்லாத இடத்தில் ஒருவருக்குக் கேட்டிருக்கிறது. தாமதமாகத்தான், ஆனாலும் கேட்டிருக்கிறது. அதற்கு முன்னால் அந்த வீட்டைத் தாண்டி எத்தனை கார்கள் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். தபால்காரர், கேஸ் தோம்பு கொண்டுவருகிறவர், குப்பை எடுக்கிறவர்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பார்ப்பதும் கேட்பதும் ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை போலிருக்கிறது.

தமிழில் தூரத்தை அளக்க 'கூப்பிடு தூரம்' என்று ஒரு அளவை இருந்தது. 'கூப்பீடு' என்றும் சொல்வார்கள். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்கிற தொலைவு. ஊரில் பெண் கொடுக்கும்போது, 'கூப்பிடு தூரத்துலதான இருக்கா' என்று தேற்றிக்கொள்வார்கள். அடியும் கெஜமும் மீட்டரும் நிலத்தை அளக்கின்றன. இந்த அளவை இரண்டு மனிதர்களை வைத்துக்கொண்டுதான் அளக்கிறது. அதிலும் ஒருவர் காது கொடுத்தால்தான் அளவே கணக்காகும். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர். அவர்கள் மிக்ஸி போடுவதும் குழந்தை வாய்ப்பாடு படிப்பதும் கேட்கும். இது கூப்பிடு தூரமா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

புவா பாலா கட்டுரைக்கு நான் கடைசியில் 'கூக்குரல்' என்று போட்டு அனுப்பினேன். அதில் 'கூ' என்று கூப்பிடுவது இருக்கிறது. அனுப்பியவரிடமிருந்து திருத்தம் வந்தது: 'கூச்சல் போதுமே, எளிமையாக இருக்கும்' என்று. நான் மாற்றவில்லை. அவரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் இரவு ஒரு மணி வாக்கில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. வாட்ஸ்அப் குழுவில் உடனே செய்திகள். 'எந்த பிளாக்?' 'பி பிளாக் மாதிரி இருக்கு.' 'புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும்.' 'சியாப்பா பீசிங் நி?' என்று ஒருவர் மலாயில் கேட்டார். யார் இவ்வளவு சத்தம் என்று. 'கார்டைக் கூப்பிடுங்க.' 'கார்டு போன் எடுக்கல.' ஒரு நிமிடத்துக்குள் இருபதுக்கு மேல் வந்துவிட்டன. இதற்குள் நாங்கள் இரண்டு மூன்று பேர் படிக்கட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் எங்களுக்கு முன்பே கீழே டார்ச் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் சீன அங்கிள். சிங்லெட்டும் செருப்புமாக, பி பிளாக்கின் ஒவ்வொரு தளத்திலும் நின்று, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "ஹலோ? ஓகேயா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்த கணவரைத் தூக்க முடியாமல் அந்த ஆண்ட்டி கத்தியிருக்கிறார். தூக்கி உட்கார வைத்தோம், ஆம்புலன்ஸ் வந்தது.

மறுநாள் காலை குழுவில் நிர்வாகத்தின் செய்தி இருந்தது. இரவு 11 மணிக்கு மேல் குடியிருப்பாளர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று எனக்குத் தனியாகவும் ஒரு செய்தி வந்திருந்தது.